திரைப்படச் சுவரொட்டி வடிவமைப்பும் படத் திருத்தப் பயிற்சியும்: இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினிவழிப் படத் திருத்தம் பெரும்பாலான வகுப்பறைகளில் மென்பொருள் கட்டளைகளின் வரிசையாகவே கற்பிக்கப்படுகிறது. திரைப்படச் சுவரொட்டி ஒன்றை வடிவமைத்து, அச்சேற்றி, சுவரில் ஒட்டும் வரை செல்லும் பயிற்சியின் வழியே அதே திறனைக் கற்கும் மாணவர், எதைத் திருத்தாமல் விடவேண்டும் என்னும் தேர்வை ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்கொள்கிறார். சிவகாசி அச்சுத் தொழிலுக்கும் கோவில்பட்டி ஓவிய மரபுக்கும் அருகமைந்த இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை அத்தேர்வின் தன்மையை விளக்குகிறது. முகநிறத் திருத்தம், சங்க அகப்பாடல்களின் மாமை, பசலை என்னும் கருத்தாக்கங்களோடு இணைத்து நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சுவரொட்டி, படத் திருத்தம், சிவகாசி அச்சு, மாமை, பசலை, தமிழ் எழுத்துரு, திருவில்லிபுத்தூர்

முன்னுரை

‘படத்தொகுப்பு’ என்னும் சொல் தமிழில் திரைப்படத்தின் காட்சித் துண்டுகளை வெட்டி இணைக்கும் கலைக்கு உரியதாக நிலைபெற்றுவிட்டது. நிலைப்படம் ஒன்றைக் கணினியில் மாற்றியமைக்கும் பணிக்கும் சிலர் அதே சொல்லை ஆள்வதால் குழப்பம் நேர்கிறது. எனவே இக்கட்டுரை அப்பணியைப் ‘படத் திருத்தம்’ என்றே சுட்டுகிறது. ஸ்டூடியோக்காரர் வழக்கில் இதற்கு ‘டச்சிங்’ என்று பெயர். எதிர்மறைச் சுருளில் கூர்மையான பென்சிலைக் கொண்டு முகத்தின் தழும்பையும் கண்ணடிக் கருமையையும் நீக்கிய நாள்களிலிருந்து வழங்கிவரும் சொல் அது. ஒளிப்படத்தைத் திருத்தும் பழக்கம் கணினியோடு வந்ததன்று என்பதற்கு அச்சொல்லே சான்றாகும்.

தமிழ்ச் சுவரொட்டி, பேனர், நாட்காட்டிப் படம் ஆகியவற்றை ஆய்வுலகம் பொருட்படுத்தத் தொடங்கிச் சில பதிற்றாண்டுகள் ஆகின்றன. கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவைப் பற்றி ஸ்டீபன் இங்லிஸ் எழுதியவையும், சிவகாசி நாட்காட்டிப் படங்களின் சந்தையை ஆராயும் கஜ்ரி ஜெயினின் 2007ஆம் ஆண்டு நூலும், சென்னையின் கையால் வரைந்த பேனர்களையும் கட்அவுட்டுகளையும் ஆராயும் பிரமிந்தா ஜேக்கப்பின் 2009ஆம் ஆண்டு நூலும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. இவ்வாய்வுகள் படத்தின் பொருளையும் சந்தையையும் அரசியலையும் நோக்கியவை. படத்தை உருவாக்கும் கை எவ்வாறு பழக்கப்படுகிறது என்னும் கல்விசார் கேள்விக்கு அவற்றில் இடம் குறைவே. பேனர் ஓவியர்களின் தொழில் மறைந்து, அவ்வேலை கணினிமுன் அமரும் இளைஞர்களிடம் வந்து சேர்ந்துவிட்ட இன்றைய நிலையில் அக்கேள்வி முன்னிற்கிறது.

வட்டாரமும் அச்சும்

இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அங்கிருந்து சிவகாசி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்த இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் இம்மூன்று ஊர்களும் அடங்கும். நூற்பாலையும் மருத்துவத் துணியும் இராசபாளையத்தின் அடையாளங்கள். ஆண்டாள் கோயிலும் பால்கோவாவும் திருவில்லிபுத்தூரின் அடையாளங்கள். தமிழகத்தின் சுவர்களில் ஒட்டப்பெற்ற திரைப்படச் சுவரொட்டிகளில் பெரும்பகுதியின் அடிவரியில் காணப்படும் ஊர்ப்பெயரோ சிவகாசி. அச்சிட்ட ஒவ்வொரு தாளிலும் அச்சகத்தாரின் பெயரும் அச்சிட்ட ஊரும் இடம்பெறவேண்டும் என 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் விதித்தது. நாயகனின் பெயரை அண்ணாந்து பார்த்தவர்கள் பொருட்படுத்தாத அச்சிறு வரி, ஆய்வாளருக்கு ஓர் ஆவணம்.

சிவகாசிக்கு அச்சு வந்த வழி கற்றல் என்னும் பொருளோடு தொடர்புடையது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டித் தொழிலைப் பழகித் திரும்பினர். அடுத்த ஆண்டு ஊரிலேயே தொழில் தொடங்கியது. தீப்பெட்டிக்கு மேலொட்டு வேண்டும், வெடிக்கும் வண்ணச் சீட்டு வேண்டும். அத்தேவையின் பின்னே கல்லச்சும் அதன்பின் ஆஃப்செட் அச்சும் வளர்ந்தன. கல்லச்சில் பல வண்ணப் படம் ஒன்றை அச்சிட, ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல்லோ துத்தநாகத் தகடோ வேண்டும். முழுப்படத்தைக் கண்ணால் நோக்கி, ‘இதில் மஞ்சள் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு’ என மனத்தில் பிரித்து, புள்ளி புள்ளியாகத் தகட்டில் வைத்தவர்கள் அச்சகத்து ஓவியர்கள். இன்றைய மென்பொருளில் ஒரே சொடுக்கில் நிகழும் வண்ணப் பிரிப்பு அவர்களிடம் கண்ணின் பழக்கமாக இருந்தது.

கோவில்பட்டியில் கொண்டையராஜு (1898–1976) கற்பித்த முறையும் இத்தகையதே. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, நாடகக் குழுவில் திரைச்சீலை வரைந்து, பின்னர் கோவில்பட்டியில் நிலைகொண்ட அவரிடம் டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலியோர் உடனிருந்து தொழில் கற்றனர். அங்கே பாடத்திட்டம் என ஒன்று இல்லை. வந்த வேலையே பாடம். சிவகாசி அச்சகம் கேட்ட நாட்காட்டிப் படத்தின் ஒரு மூலையில் மாணவர் பணிபுரிவார், ஆசிரியர் முகத்தை முடிப்பார். இம்முறையை ஏற்றிப்போற்றிப் பொற்காலம் எனக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சாதி, உறவு, பால் ஆகியவை யார் உடனிருக்க முடியும் என்பதைத் தீர்மானித்த முறை அது. ஆயினும் படம் எங்கே போய்ச் சேரும் என்பதை அறிந்துகொண்டே கை பழகியது என்னும் ஒரு கூறு மட்டும் இன்றைய கணினி வகுப்பில் விடுபட்டுப்போயிருக்கிறது.

கருவிப் பெயர்களில் உறையும் தொழில்

தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் 1990 பிப்ரவரியில் வெளியானது. அதன் கருவிப்பட்டையைப் பயிலும் மாணவர் பலர் ‘டாட்ஜ்’, ‘பர்ன்’ என்பவற்றை வெளிச்சக் கருவி, இருட்டுக் கருவி என மனனம் செய்கின்றனர். முன்னதன் சின்னம் கம்பியின் நுனியில் ஒட்டிய வட்ட அட்டை. பின்னதன் சின்னம் குவித்த கை. இருட்டறையில் தாளின்மீது ஒளி விழும்போது ஓரிடத்தை அட்டையால் மறைத்தால் அவ்விடம் வெளிறும். கைக்குழிவின் ஊடே ஓரிடத்திற்கு மட்டும் கூடுதல் ஒளி விட்டால் அது கருக்கும். படத்தைக் கூர்மையாக்கும் கட்டளைக்கு ‘மங்கல்’ என்னும் பொருள்பட ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்று பெயரிட்டிருப்பது ஏன் என வகுப்பில் கேட்டால் விடை கிடைப்பது அரிது. எதிர்மறைச் சுருளோடு அதன் மங்கலான நேர்ப்படியைச் சேர்த்து வைத்து அச்சிட்டால் விளிம்புகள் துலங்கும் என்பது பழைய இருட்டறை நுட்பம். மென்பொருள் அதைக் கணக்கால் செய்கிறது.

1994இல் மூன்றாம் பதிப்போடு வந்த ‘லேயர்’ எனப்படும் அடுக்கு வசதிக்கும் முன்வடிவம் உண்டு. ஒளி ஊடுருவும் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுவரொட்டியின் மூலப்படியை ஒட்டுவேலையாக அமைத்த காலம் ஒன்று இருந்தது. நடிகரின் படத்தைக் கத்தரியால் வெட்டி ஒட்டுவதைக் ‘கட்டிங்’ என்பர். இன்று மாணவர் சுட்டியால் செய்வதற்கும் அதே பெயர் வழங்குகிறது.

இவ்வரலாறு அலங்காரத் தகவல் போலத் தோன்றலாம். பயிற்சியில் அது நேரடியாகப் பயன்படுகிறது. ஒளியை மறைப்பதும் விடுவதுமே கருவியின் பொருள் என அறிந்தவர், திருத்தும்முன் ‘ஒளி எங்கிருந்து வருகிறது’ என்று கேட்பார். கட்டளையாக மட்டும் அறிந்தவர் எங்கு வேண்டுமானாலும் வெளிறச் செய்வார்.

ஒரு சுவரொட்டியின் வழி

விளக்கத்தின் பொருட்டு ஒரு பயிற்சியைக் கருதலாம். இராசபாளையம் நூற்பாலையில் பணிபுரியும் பெண்ணொருத்தி கதைத்தலைவி. கதை நிகழுமிடம் திருவில்லிபுத்தூர்த் தேர்வீதி. இக்கற்பனைப் படத்திற்கு 20×30 அங்குல அளவில் ஒரு சுவரொட்டி அமைக்கவேண்டும். தலைவியின் படம், பின்னே பதினொரு நிலைக் கோபுரம், அதற்கும் பின்னே மேற்குத் தொடர்ச்சி மலை, மேலே படப்பெயர், கீழே கலைஞர் பெயர்கள்.

முதற்படி கணக்கு. அங்குலத்திற்கு 300 படப்புள்ளி எனக் கொண்டால் 6000×9000, அதாவது 5.4 கோடி புள்ளிகள் தேவை. நான்கு வண்ண அச்சுக்குரிய வடிவில் ஓர் அடுக்குக்கு மட்டும் ஏறத்தாழ 206 மெகாபைட். 12 மெகாபிக்சல் கைப்பேசியில் எடுத்த 3000×4000 புள்ளிப் படத்தை இவ்வளவுக்கு விரித்தால் அங்குலத்திற்கு 133 முதல் 150 புள்ளிகளே கிட்டும். நூலட்டைக்கு இது போதாது. ஆறடி தொலைவிலிருந்து பார்க்கும் சுவரொட்டிக்குப் போதும். அதே படம் 1080×1350 புள்ளிகளாகச் சுருங்கிச் சமூக ஊடகத்திலிருந்து எடுக்கப்பட்டதாயின் அங்குலத்திற்கு ஐம்பதளவே தேறும். முகம் கட்டம் கட்டமாக உடையும். எந்தத் தொலைவில் யார் பார்ப்பர் என்னும் கேள்வி இவ்வாறு எண்ணாக மாறி மாணவர்முன் நிற்கிறது.

அடுத்தது தலைவியின் உருவைப் பின்புலத்திலிருந்து பிரிப்பது. உடலின் விளிம்பு எளிது, கூந்தல் கடினம். கூந்தலில் மல்லிகைச் சரம் இருந்தால் மேலும் கடினம். வெயில்வானின் வெண்மையும் பூவின் வெண்மையும் ஒன்றாகித் தானியங்கித் தெரிவுக் கருவி பூவின் பாதியை வானமாகக் கருதி வெட்டிவிடும். மறைப்பு அடுக்கில் சிறு தூரிகையால் ஒவ்வொரு இதழையும் மீட்பதைத் தவிர வழியில்லை. இந்த ஒரு மணிநேரம் மாணவருக்கு மென்பொருள் கையேடு தராத ஒன்றைத் தருகிறது. விளிம்பு என்பது கோடன்று, இரு நிறங்கள் கலக்கும் ஒடுங்கிய பகுதி என்று கண் பழகுகிறது.

ஆலையில் எடுத்த படமாதலின் தலைவியின் நெற்றி மயிரில் பஞ்சுத் துகள் படிந்திருக்கும். 2002இல் ஏழாம் பதிப்போடு வந்த ‘ஹீலிங் பிரஷ்’ அதை நொடியில் நீக்கும். நீக்கலாமா? பஞ்சுத் துகள் மாசு எனில் நீக்கவேண்டும். அவள் நூற்பாலைப் பெண் என்பதற்கான ஒரே காட்சிச் சான்று அதுவே எனில் நீக்கக்கூடாது. கருவி இதை அறியாது. கதையை அறிந்தவரே முடிவு செய்ய இயலும். பயிற்சிப் படம் ஏதேனும் ஒரு வெளிநாட்டு முகமாக இருக்கும்வரை இக்கேள்வி எழுவதே இல்லை என்பது நோக்கத்தக்கது.

பின்புலத்தில் ஒளியின் திசை சோதனைக்குள்ளாகிறது. திருவில்லிபுத்தூர் இராசகோபுரம் கிழக்கு நோக்கியது, மலை மேற்கே உள்ளது. கோபுரத்தை முன்னிருந்து பார்ப்பவர் மேற்கு நோக்கி நிற்பர். காலையில் கோபுரமுகப்பில் வெயில் விழும், மாலையில் முகப்பு நிழலில் இருக்கும், பின்வானம் சிவக்கும். வானத்தை மாற்றும் வசதியைக் கண்டறிந்த மாணவர் பெரும்பாலும் முதலில் செய்வது, காலை வெயிலில் பளிச்சிடும் கோபுரத்தின் பின்னே செக்கர்வானத்தை வைப்பது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஊரில் பிறந்த எவரும் ஒரு கணம் தயங்குவர். தயக்கத்தின் காரணத்தை அவர்களால் சொல்ல முடியாமலும் போகலாம்.

இதனினும் நுண்ணிய சிக்கல் படத்தை இடவலமாகத் திருப்புவதில் உள்ளது. பெயர்களுக்கு இடம் விடுவதற்காகப் படத்தைத் திருப்புவது வடிவமைப்பாளர் அன்றாடம் செய்வது. சேலை முந்தானை வலத்தோளுக்கு மாறிவிடும், சட்டைப் பொத்தான் மாறிவிடும். இவற்றையாவது சிலர் கவனிக்கமாட்டார்கள். சுவரொட்டியின் ஒரு மூலையில் ஆண்டாள் உருவம் இருந்து, அதுவும் சேர்ந்து திரும்பிவிட்டால் கிளி இடக்கையிலிருந்து வலக்கைக்குப் போய்விடும். கிளி வலப்புறம் உள்ள தெய்வம் மதுரை மீனாட்சி. இடப்புறம் சரிந்த கொண்டையும் இடக்கைக் கிளியுமே ஆண்டாளின் அடையாளங்கள். ஒரு சொடுக்கில் ஊரே மாறிவிடுகிறது. தமிழக அரசின் சின்னத்தில் உள்ள கோபுரம் திருவில்லிபுத்தூருடையதா, மதுரை மேலைக்கோபுரமா என்னும் விவாதம் இன்றளவும் ஓயாத வட்டாரத்தில் இதனைச் சிறு பிழை எனத் தள்ள இயலாது.

மாமையும் பசலையும்

முகத்தின் நிறமே இப்பயிற்சியின் கடினமான பகுதி. தமிழ்த் திரைப்படச் சுவரொட்டியில் இயல்பான முகநிறம் என்பது என்றுமே நிலையான ஒன்றாக இருந்ததில்லை. கையால் வரைந்த பேனரில் இளஞ்சிவப்பு, நீலம், பச்சைத் தீற்றல்கள் முகத்தில் துணிந்து இடம்பெற்றன. அவை தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு உணர்ச்சியாகத் தோன்றின. ஒளிப்படத்தைத் தழுவிய சுவரொட்டியில் அத்துணிவு குறைந்து, முகத்தை வெளிறச் செய்யும் வழக்கமே எஞ்சியது. தீற்றலில் ஓவியரின் கை வெளிப்படையாகத் தெரிந்தது. வெளிறலில் கை மறைந்துகொள்கிறது. பார்ப்பவர் அதையே அப்பெண்ணின் உண்மை நிறமாக எடுத்துக்கொள்கிறார்.

இவ்வழக்கத்திற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று சொல்லப்படுவதுண்டு. ஆஃப்செட் அச்சில் மைப்புள்ளி தாளில் ஊறிப் பரவும். திரையில் கண்டதைவிட இடைநிறங்கள் அச்சில் கருத்துத் தோன்றும். மேற்பூச்சற்ற மலிவான சுவரொட்டித் தாளில் இது இன்னும் மிகும். எனவே முகத்தை முன்கூட்டியே வெளிறச் செய்து அனுப்பவேண்டும் என்பது வடிவமைப்பாளர் கூற்று. இது பாதி உண்மை. புள்ளிப் பரவலை ஈடுசெய்யும் திருத்தம் படம் முழுவதற்கும் ஒரே அளவில் பொருந்தவேண்டும். கோபுரத்தின் நிழலும் சேலையின் மடிப்பும் முகமும் ஒரே தாளில், ஒரே மையில்தான் அச்சாகின்றன. திருத்த அடுக்கின் மறைப்பு முகத்தை மட்டும் சுற்றி வரையப்பட்டிருந்தால் அது அச்சுக்கான ஈடு அன்று, நிறமாற்றம். மாணவரின் கோப்பைத் திறந்து அடுக்குகளைப் பார்க்கும் ஆசிரியர் இவ்விரண்டையும் ஒரு நிமிடத்தில் வேறுபடுத்த இயலும். முடிந்த படத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் இடும் முறையில் இது புலப்படாது.

கையேடுகளின் பங்கும் இங்குச் சுட்டத்தக்கது. நான்கு வண்ண அச்சில் முகநிறத்திற்கான பொதுவிதியாக, மெஜந்தாவைவிட மஞ்சள் சற்றுக் கூடுதலாகவும் சயான் அவற்றின் சிறுபங்காகவும் இருக்கவேண்டும் எனக் கூறுவர். இது வெளிர்நிறத் தோலைக் கொண்டு வகுக்கப்பட்ட விதி. மாநிறத்திற்குச் சயானின் பங்கு உயரவேண்டும், கருப்பும் சிறிது சேரவேண்டும். விதியை அப்படியே கைக்கொண்டால் மாநிறம் ‘அழுக்கு’ எனத் தோன்றி, திருத்தம் என்னும் பெயரால் சயான் குறைக்கப்படும். வண்ண ஒளிப்படத்தின் தொடக்கக் காலத்தில் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய ‘ஷர்லி’ அட்டைகளில் வெள்ளைநிறப் பெண்ணின் முகமே அளவுகோலாக இருந்ததை லோர்னா ராத் விரிவாக ஆராய்ந்துள்ளார். அவ்வளவுகோலின் நிழல் இன்றைய எண்களிலும் தொடர்கிறது.

தமிழ் அகமரபு இதற்கு வேறோர் அளவுகோலைத் தருகிறது. சங்க அகப்பாடல்களில் தலைவியின் அழகுநிறம் மாமை எனப்படும். மாந்தளிரின் நிறத்தோடும் தன்மையோடும் இணைத்து அதற்கு உரை காண்பர். தலைவன் பிரிவால் அந்நிறம் கெட்டு, உடலில் வெளிறிப் படர்வது பசலை. குறுந்தொகையின் 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார் தம் மாமையழகைப் பசலை உண்பதாகக் கூறி வருந்துகிறார். திருக்குறள் பசப்புக்கென்றே 119ஆம் அதிகாரத்தை ஒதுக்குகிறது. கருமை கலந்த தளிர்நிறம் நலத்தின் குறி, வெளிறல் நோயின் குறி. இம்மரபில் நின்று நோக்கினால், முகத்தை மட்டும் வெளிறச் செய்த சுவரொட்டி தன் தலைவிக்குப் பசலை பூசியிருக்கிறது எனலாம். படைப்பாளி அதை அழகூட்டல் என்று கருதியிருப்பார் என்பதே இதில் உள்ள முரண்.

இவ்வொப்பீட்டை மிகையாக நீட்டக் கூடாது. மாமையை இன்றைய தோல்நிற அரசியலின் சொல்லாக அப்படியே மாற்றிவிட முடியாது, அது திணையும் துறையும் சார்ந்த கவிதைச் சொல். எனினும் வகுப்பறையில் அதன் பயன் தெளிவானது. தோலின் பளபளப்பைக் கவனிக்குமாறு தளிர் என்னும் உவமை மாணவரைப் பழக்குகிறது. கருநிறத் தோலின் உயிர்ப்பு அதன் இடைநிறத்தில் இல்லை. நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு ஆகியவற்றில் விழும் ஒளித்தெறிப்பில் உள்ளது. ‘கர்வ்ஸ்’ கட்டளையால் இடைநிறத்தை உயர்த்தும்போது ஒளித்தெறிப்புக்கும் தோலுக்கும் உள்ள இடைவெளி குறைந்து முகம் மாவு பூசியதுபோல் தட்டையாகிறது. இடைநிறத்தைத் தொடாமல், முகத்தின் பின்னுள்ள கோபுர நிழலைச் சற்றுக் கருக்கினால் முகம் தானே துலங்கும். நிறம் மாறாமல் நோக்கு முகத்தில் குவியும். பேனர் ஓவியர்கள் அறிந்த உத்தியே இது.

எழுத்து

படப்பெயரின் எழுத்து தனியே ஆராயத்தக்க பொருள். இங்குப் பயிற்சியோடு தொடர்புடைய அளவில் மட்டும் குறிக்கப்படுகிறது. போட்டோஷாப்பின் முற்காலப் பதிப்புகள் தமிழ் ஒருங்குறியைச் சரிவரக் கோக்கவில்லை. ‘கொ’ என்பதில் கொம்பு எழுத்தின் முன்னும் கால் பின்னும் வரவேண்டும். உரிய பொறி இல்லாதபோது அவை இடம் தவறிச் சிதறின. எனவே வடிவமைப்பாளர்கள் பழைய குறியாக்க எழுத்துருக்களையே நாடினர். ஒருங்குறியில் தட்டச்சான உரையை மாற்றிக்கு உட்படுத்தி ஒட்டும் பழக்கம் வேரூன்றியது. தெற்காசிய மொழிகளுக்கான உரைப்பொறியைத் தெரிவுசெய்யும் வசதி இன்று இருந்தும் பழக்கம் முற்றும் மாறவில்லை. இம்மாற்றத்தின்போது புள்ளி விடுபடுவதும் ஒற்று மாறுவதும் நேர்கின்றன. 2006இல் தமிழ்ப்பெயர் கொண்ட படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அறிவிக்கப்பட்டபின் பெயர்கள் தமிழாயின, ஆனால் சந்திப்பிழை சுவர்தோறும் மிகுந்தது என்பதும் தமிழாசிரியர்கள் அறிந்ததே.

படப்பெயரைப் பொறுத்தவரை எழுத்துருவைத் தேடுவதைவிட வரைந்து பழகுவதே நன்று. ‘ஆலை’ என எழுதும்போது ஆகாரத்தின் சுழியும் லகரத்தின் வளைவும் ஐகாரக் கொம்பின் இரட்டைச் சுழியும் தரும் ஓட்டத்தை எந்த எழுத்துருவும் தானாகத் தராது. கீழே வரும் கலைஞர் பெயர்களின் சிறிய எழுத்துகளைக் கருப்பு மையில் மட்டுமே அமைக்கவேண்டும் என்பது அச்சகத்தார் முதலில் சொல்லும் அறிவுரை. நான்கு வண்ணக் கலவையாகக் கருப்பை அமைத்தால், தகடுகள் மயிரிழை விலகினாலும் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோல் குழம்பும்.

அச்சுமேசையும் சுவரும்

முதல் தோற்றச் சுவரொட்டி கைப்பேசித் திரையிலேயே வெளியாகி அங்கேயே முடிந்துபோகும் இக்காலத்தில், அச்சு வரை செல்வது மாணவருக்கு வீண்செலவாகத் தோன்றலாம். திரையில் ஒளிரும் நீலம் தாளில் ஊதாவாக இறங்குவதையும், நான்கு மைகளும் நூறு விழுக்காடு சேர்ந்த இருட்டுப் பகுதி உலராமல் அடுத்த தாளின் பின்புறத்தில் ஒட்டுவதையும் அச்சுமேசையருகே நின்று ஒருமுறை கண்டவர் அதன்பின் வேறுவகையாகத் திருத்துவர். 20 கிலோமீட்டரில் சிவகாசி இருக்கும் வட்டாரத்தின் கல்லூரிகள் இவ்வாய்ப்பைப் பாடத்திட்டத்தில் சேர்க்காதிருப்பது வியப்பளிக்கிறது.

2023 முதல் போட்டோஷாப்பிலேயே சொற்களைக் கொடுத்துப் படப்பகுதியை உருவாக்கும் வசதி வந்துவிட்டது. ‘கோயில் கோபுரம்’ என்று கேட்டால் கோபுரம் வரும். நிலைகளின் எண்ணிக்கை ஒருமுறை ஒன்பதாகவும் மறுமுறை பன்னிரண்டாகவும் இருக்கலாம். சுதைச் சிற்பங்கள் அருகில் நோக்கினால் கரைந்து கிடக்கும். அது எந்த ஊருக்கும் உரிய கோபுரமன்று. இவ்வசதியைத் தடைசெய்வதால் பயனில்லை. வானத்தை நீட்டவும் தரையின் குப்பையை நீக்கவும் அது நல்ல துணை. ஆனால் உருவான கோபுரத்தின் நிலைகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம், தேர்வீதியில் நின்று படமெடுத்து ஒளியின் திசையைக் குறித்துக்கொண்ட மாணவருக்கே இயல்பாக வரும்.

பயிற்சியின் இறுதிக்கட்டம் சுவரில் நிகழ்கிறது. பசை தடவி ஒட்டிய தாள் கோடை வெயிலில் சில வாரங்கள் நின்றால் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுக்கும். சயானும் கருப்பும் நெடுநாள் நிற்கும். பழைய சுவரொட்டிகள் நீலம் பாரித்துக் காணப்படுவதன் காரணம் இதுவே. தலைவியின் முகத்தில் சயானையும் கருப்பையும் உரிய அளவில் விட்டிருந்தால் நிறம் போனபின்னும் முகவடிவம் எஞ்சும். விதியை நம்பி அவற்றைத் துடைத்திருந்தால், மஞ்சளும் மெஜந்தாவும் போன இடத்தில் வெறுந்தாளும் இரு கண்களும் மட்டும் தெரியும். அடியில் கருப்பு மையில் அச்சான பெயர்களும் ஊர்ப்பெயரும் அப்போதும் படிக்கும்படி இருக்கும்.